தோட்டம் தொழிற்பேட்டையான கதை

கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் என்னும் பகுதியை அறியாத தமிழர் இல்லை. அப்பெயரின் பொருள் செங்கல் வயல் என்பதாகும். இன்று அங்கே சூளையும் இல்லை. களிமண் குழியும் இல்லை. ஒரு பக்கம் பூக்கடைகளும் உணவகங்களும் புடவைக் கடைகளும் நிறைந்த கடைவீதி. மறுபக்கம் வானளாவிய கட்டடங்கள் சூழ்ந்த ரயில் நிலையம். ஆயினும் ஊர்ப்பெயர் பொய் சொல்லவில்லை. கோலாலம்பூரின் முதல் தொழில் நிலங்களில் அது ஒன்று. அந்நிலம் கடந்த 140 ஆண்டுகளில் உருமாறிய வகையை ஆராய்ந்தால், கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதிலும் ஆலை நிலம் எவ்வாறு உண்டாகிறது, அதன் ஆதாயம் எந்த நாளில் யாரைச் சேர்கிறது என்பது விளங்கும். தொழிற்பேட்டையில் ஒரு மனை வாங்கலாமா, கிடங்கு கட்டி வாடகைக்கு விடலாமா என்று நம்மவர் பலர் விசாரிக்கும் காலம் இது. தரகர் அவர்களுக்குச் சொல்வது ஐந்தாண்டுக் கணக்கு. இங்கே நாம் பார்க்கப் போவது அதனினும் நீண்ட கணக்கு.

1857ஆம் ஆண்டில் கிள்ளானின் அதிபதியாயிருந்த ராஜா அப்துல்லா, ஈயம் தேடி 87 சீனத் தொழிலாளரைக் கிள்ளான் ஆற்றின் வழியே மேலே அனுப்பினார். கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடும் இடத்தில் இறங்கி அவர்கள் அம்பாங் காட்டுக்குள் நடந்தனர். காய்ச்சலுக்கு இரையானவர் போக ஒரு மாதத்தில் எஞ்சியோர் 18 பேரே என்பர். இவ்வாறு தோன்றிய ஊர், மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் கட்டப்பட்ட குடிசைகளின் கூட்டமாகவே நெடுநாள் இருந்தது. 1880இல் சிலாங்கூரின் தலைநகர் கிள்ளானிலிருந்து இங்கே மாற்றப்பட்டது. அடுத்த ஆண்டே இரண்டு கேடுகள் வந்தன. 1881 ஜனவரியில் தீ, டிசம்பரில் வெள்ளம். ஊர் ஏறக்குறைய அழிந்துபோயிற்று.

1882இல் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், இனி வீடுகள் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டப்பட வேண்டும் என்று வற்புறுத்தினார். ஊருக்குச் செங்கல் வேண்டும், செங்கல்லுக்குக் களிமண் வேண்டும், விறகும் வேண்டும். ஊரின் தெற்கே ஆற்றங்கரைத் தாழ்நிலத்தில் களிமண் மிகுதி. கபித்தான் யாப் ஆ லோய் அங்கே நிலம் பெற்றுச் சூளைகள் அமைத்தார். செங்கல் என்பது கனத்த சரக்கு, விலையோ சொற்பம். தூரத்திலிருந்து கொண்டுவந்தால் வண்டிக் கூலியே முதலை விழுங்கிவிடும். ஆகவே சூளை ஊரை ஒட்டியே இருந்தாக வேண்டும். ஆலை நிலத்தின் விலையை மண்ணின் வளம் தீர்மானிப்பதில்லை, சரக்கு செல்லும் வழிதான் தீர்மானிக்கிறது என்னும் விதியை இந்நகரம் முதன்முதலில் கண்டது இச்சூளைகளில்தான் எனலாம். ஆனால் சூளைக்கு ஒரு குறை உண்டு. தான் நிற்கும் தரையையே அது தோண்டித் தின்கிறது. மண் தீர்ந்தால் தொழில் தீர்ந்தது.

1886 செப்டம்பரில் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கு அருகேயுள்ள புக்கிட் கூடாவுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. 1890இல் ஆற்றின்மேல் பாலம் முடிந்தபின் வண்டி கிள்ளான் நகருக்கே சென்றது. 1901இல் ஆற்றின் முகத்துவாரத்தில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. 1972 முதல் போர்ட் கிள்ளான் என்று பெயர் பெற்றது அதுவே. ரயில் வந்தபின் பிரிக்பீல்ட்ஸ் நிலத்துக்குச் செங்கல்லைவிட உயர்ந்த பயன் ஒன்று கிடைத்துவிட்டது. வண்டிகளைப் பிரித்துக் கோக்கும் இருப்புப்பாதை முற்றமும் சரக்குக் கொட்டகைகளும் ஊழியர் குடியிருப்புகளும் அங்கே எழுந்தன. பெரிய பணிமனை செந்தூலுக்குச் சென்றது. பாதை போடவும் மண் சுமக்கவும் தமிழகத்திலிருந்து தொழிலாளர் வந்தனர். நிலைய அதிகாரிகளாகவும் எழுத்தர்களாகவும் யாழ்ப்பாணத் தமிழர் வந்தனர். நூறு வீடுகள் என்னும் பொருளில் ‘ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ்’ எனப்பட்ட வரிசை வீடுகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்டன. அவற்றில் வாழ்ந்தவர்களுக்கு அவை வீடு. ரயில்வேக்கு அவை உத்தியோகத்தோடு சேர்ந்த தளவாடம். இந்த வேறுபாட்டை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் செய்திகள் பலவற்றுக்கு இதுவே திறவுகோல்.

இங்கே நிலச்சட்டத்தைப் பற்றிச் சிறிது கூறாமல் மேலே செல்ல இயலாது. 1889இல் சிலாங்கூர் ரெசிடெண்டான வில்லியம் மேக்ஸ்வெல், தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரன்ஸ் 1858இல் நடைமுறைப்படுத்திய பதிவு முறையில் பெரும் பற்றுடையவர். அவர் முயற்சியால் 1891இல் சிலாங்கூருக்கு ஒரு நிலச்சட்டம் வந்தது. இம்முறையில் பழைய சாசனங்களைத் தோண்டித் துருவ வேண்டியதில்லை. நில அலுவலகப் பேரேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உடைமையாளர். எத்தனை தலைமுறை ஒருவர் அந்நிலத்தில் வாழ்ந்தார், யார் காட்டை வெட்டினார் என்ற கேள்விகளுக்கு அப்பேரேட்டில் இடமில்லை. கடன் கொடுப்போருக்கு இது பெரிய வசதி. அடமானம் பதிவாகிவிட்டால் ஐயமில்லை. அம்பாங் வீதியில் கடை வைத்திருந்த நகரத்தார் துணிந்து நிலத்தின்மேல் பணம் கொடுத்ததற்கும், 1930ஆம் ஆண்டையொட்டிய மந்தத்தில் கடன் திரும்பாமல் தோட்டங்கள் பல அவர்கள் கைக்கு வந்ததற்கும் இது ஒரு காரணம்.

1965ஆம் ஆண்டின் தேசிய நிலச்சட்டம் 1966 ஜனவரி முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. அது நிலத்தின் பயனை விவசாயம், கட்டடம், தொழில் என மூன்று வகையாக்கியது. பட்டாவில் எந்த வகை எழுதப்பட்டுள்ளதோ அதற்கு மாறாக நிலத்தைப் பயன்படுத்தலாகாது. மாற்ற விரும்பினால் மாநில அரசிடம் மனுச்செய்து கட்டணம் செலுத்த வேண்டும். நிலத்தைப் பயனால் பிரித்து வரி வகுப்பது நமக்குப் புதிதன்று. முதலாம் ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகள், ஊர்நிலத்தில் குடியிருப்பு, குளம், வாய்க்கால், கம்மாளர் வாழும் சேரி ஆகியவற்றைக் கழித்துவிட்டு எஞ்சிய நிலத்துக்கே காணிக்கடன் கணக்கிடுகின்றன. கைவினைஞர் தொழில் செய்யும் இடத்துக்கு அன்று வரி இல்லை. இன்றோ பட்டாவில் ‘விவசாயம்’ என்ற சொல் ‘தொழில்’ என்று மாறுவதே நிலத்தின் விலையைப் பன்மடங்காக்கும் நிகழ்ச்சி. மண் அதே மண். மழையும் அதே மழை. மாறுவது பேரேட்டில் ஒரு சொல்.

அந்தச் சொல் மாறுவதற்கு வேண்டிய அளவு விவசாய நிலத்தை உண்டாக்கித் தந்தது ரப்பர். கின்டர்ஸ்லி சகோதரர்கள் காஜாங்கின் அருகே இஞ்ச் கென்னத் தோட்டத்தில் 1890களின் நடுவில் ரப்பர் நட்டனர். மோட்டார் வண்டி பரவியதும் மேனாட்டு மூலதனம் சிலாங்கூருக்கு ஓடிவந்தது. 1910ஆம் ஆண்டு விலையேற்றத்தில் சில கம்பெனிகள் போட்ட முதலைப் போல மூன்று மடங்குக்கு மேல் ஓராண்டிலேயே பங்காதாயம் கொடுத்தன. புக்கிட் ராஜா, எஃபிங்ஹாம், சீஃபீல்ட், கிளென்மேரி, எல்மினா என்னும் தோட்டப் பெயர்கள் ரயில் பாதையையும் சாலைகளையும் ஒட்டி வரிசையாக அமைந்தன. பாலும் ஷீட்டும் துறைமுகம் செல்ல வேண்டுமாதலால் தோட்டங்கள் வழியை ஒட்டியே இருந்தன. பின்னாளில் ஆலைகளுக்கும் அதே வழி தேவைப்பட்டது. தோட்டமே தொழிற்பேட்டையானது தற்செயல் அன்று.

தோட்டங்களைத் தாங்கியவர்கள் நம்மவர். அவர்களுக்கு லயத்தில் ஓர் அறை உண்டு, கோயில் உண்டு, பால்வாடி உண்டு, பின்னர்ப் பள்ளிக்கூடமும் உண்டு. பட்டா மட்டும் இல்லை. வேலை நின்றால் வீடும் நின்றது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மூண்ட வேலைநிறுத்தத்தை நாம் அறிவோம். ‘தமிழ் நேச’னில் துணையாசிரியராக இருந்த ஆர். எச். நாதன் அதனை முன்னின்று நடத்தினார். கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். கூலி உயர்வும் மரியாதையும் அன்று கேட்கப்பட்டன. நிலத்தில் பங்கு கேட்கப்படவில்லை. கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் என்பதன்று. அக்கேள்வி அன்று எவர் நினைவிலும் எழவில்லை என்பதே வரலாறு.

1948இல் அவசரகாலம் பிறந்தது. கோலாலம்பூரைச் சுற்றிப் புறம்போக்குக் குடிசைகள் பெருகின. நெருக்கடியைக் குறைக்க அரசாங்கம் 1952இல் நகருக்குத் தென்மேற்கே சுமார் 1,200 ஏக்கர் கொண்ட எஃபிங்ஹாம் ரப்பர் தோட்டத்தில் ஒரு புதிய குடியேற்றத்தைத் தொடங்கியது. அதுவே பெட்டாலிங் ஜெயா. தொடக்கத்தில் அது வீட்டுமனைத் திட்டமாகத்தான் இருந்தது. ஆனால் வீடு மட்டும் கொடுத்தால் குடியேறியவர்கள் வேலைக்கு எங்கே போவார்கள்? ஆகவே ஆலைகளுக்கென்று தனிப்பகுதி ஒதுக்கப்பட்டது. கோலாலம்பூரையும் கிள்ளான் துறைமுகத்தையும் இணைக்கும் நெடுஞ்சாலை அருகே ஓடியது. 1958இல் முன்னோடித் தொழில்களுக்கு வரிவிலக்கு அளிக்கும் சட்டமும் வந்தது. சோப்பு, பற்பசை, சிகரெட், மருந்து என அதுவரை கப்பலில் வந்த பொருள்களை இங்கேயே செய்யும் கம்பெனிகள் மனை கேட்டு வந்தன. அரசாங்கம் நிலத்தைச் சமன்செய்து, சாலை, தண்ணீர், மின்சாரம் கொடுத்து, துண்டுகளாக்கித் தந்தது. மலாயாவில் திட்டமிட்டு அமைத்த தொழிற்பேட்டைகளின் முன்னோடி இதுவே.

அங்கே மனை கொடுத்த முறைமை கவனிக்கத்தக்கது. பெரும்பாலான ஆலை மனைகள் நிரந்தர உடைமையாகக் கொடுக்கப்படவில்லை. 99 ஆண்டுக் குத்தகையாகவே கொடுக்கப்பட்டன. மலேசிய அரசியலமைப்பின்படி நிலம் மாநிலத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது. குத்தகை முடிந்தால் நிலம் மாநிலத்துக்கே திரும்பும். 1960ஆம் ஆண்டையொட்டி 99 ஆண்டுகள் என்றபோது அது முடிவில்லாக் காலம்போலத் தோன்றியிருக்கும். இன்று அவற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கழிந்துவிட்டது. பழைய பெட்டாலிங் ஜெயா ஆலை மனை ஒன்றை வாங்குகிறவர் எஞ்சிய முப்பத்துச் சொச்ச ஆண்டுகளையே வாங்குகிறார். குத்தகை குறையக் குறைய வங்கி கடன் கொடுக்கத் தயங்கும். வங்கி தயங்கினால் வாங்குவோர் குறைவர். நீட்டிப்புக் கேட்கலாம், அதற்கு மாநிலம் விதிக்கும் கட்டணம் நிலத்தின் அன்றைய மதிப்பைப் பொறுத்தது. விலை ஏறியது என்று மகிழ்பவர் தம் கட்டணமும் ஏறியது என்பதைச் சேர்த்தே எண்ண வேண்டும். விளம்பரத் தாள்களில் இந்த வரி பெரும்பாலும் சிறிய எழுத்தில் இருக்கும்.

இவ்வளவு இருந்தும் அம்மனைகளின் விலை ஏறியதற்குக் காரணம், ஆலை நிலமே மீண்டும் வேறு வகையாக மாறத் தொடங்கியதுதான். ரோத்மன்ஸ் கம்பெனி 1960களின் தொடக்கத்தில் பெட்டாலிங் ஜெயாவில் சிகரெட் ஆலை அமைத்தது. பிற்காலத்தில் அது பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவோடு இணைந்தது. 2016இல் அக்கம்பெனி ஆலையை மூடுவதாக அறிவித்து, சுமார் 13 ஏக்கர் நிலத்தை 21 கோடியே 80 லட்சம் வெள்ளிக்கு விற்க ஒப்பந்தம் செய்தது. சதுர அடி 380 வெள்ளிக்கு மேல். சிகரெட் செய்து அந்த விலைக்கு வட்டி கட்ட எவராலும் இயலாது. வாங்குவோர் மனத்தில் இருந்தது நிலத்தின் அடுத்த பயன். பெட்டாலிங் ஜெயாவின் 13ஆம் பிரிவிலும் பழைய ஆலைகள் பல இடிக்கப்பட்டு அலுவலகங்களும் அடுக்குமாடிகளும் எழுந்தன. அப்பிரிவின் முக்கிய வீதியான செமாங்காட் சாலைக்கு, 2019இல் மறைந்த வரலாற்றுப் பேராசிரியர் கூ கே கிம் அவர்களின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. ஆலைத் தெருவுக்கு ஒரு வரலாற்றாசிரியர் பெயர் அமைந்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

பெட்டாலிங் ஜெயா வளர்ந்த அதே ஆண்டுகளில் தோட்டங்களில் வேறொரு காரியம் நடந்துகொண்டிருந்தது. அதற்குத் ‘தோட்டத் துண்டாடல்’ என்று பெயர். சுதந்திரத்துக்குப் பின் என்ன நேருமோ என்றஞ்சிய மேனாட்டுக் கம்பெனிகள் சில தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைச் சிறு துண்டுகளாக்கி மறுவிற்பனை செய்தனர். நூறு ஏக்கருக்கு ஒரே உடைமையாளர் இருந்தால் லயம், மருத்துவமனை, பள்ளி எல்லாம் உண்டு. ஐந்தைந்து ஏக்கராக இருபது பேரிடம் சென்றால் எவருக்கும் அந்தப் பொறுப்பு இல்லை. தொழிலாளர் வேலையும் வீடும் ஒருசேர இழந்தனர். 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் ஆராய்ந்து ஓர் அறிக்கை எழுதினார். பின்னர் தேசிய நிலச்சட்டத்தில் 214ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டு, 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்டத்தைப் பிரித்து விற்கத் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும் என்றாயிற்று.

துண்டாடலுக்கு மறுமொழியாக அமைச்சர் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகச் சென்று, தொழிலாளரிடம் சிறு தவணைகளாகப் பங்குப்பணம் திரட்டினார். 1961இல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பால் மரம் வெட்டியவரே தோட்டத்தின் பங்குதாரரான நிகழ்ச்சி அது. அதனைச் சமூகத் தொண்டு என்றே நம் மேடைகளில் பேசுவது வழக்கம். முதலீட்டு உபாயம் என்ற முறையிலும் அது கூர்மையானது என்பது என் கருத்து. மற்றவர்கள் நிலத்தை விற்று ஓடிய வேளையில், விலை தாழ்ந்திருந்தபோது, பட்டா மாறும் நாளுக்கு முன்பே பேரேட்டில் தம் பெயரை ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பதுதானே அதன் உட்பொருள்! கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்களை இவ்வழியில் பேரளவில் பற்றிக்கொள்ள நம்மால் இயலாமற்போனது பெரிய இழப்பு. நகரை அடுத்த நிலத்தின் விலை தொழிலாளரின் தவணைப் பணத்துக்கு எட்டாத உயரத்தில் இருந்தது.

1964இல் சிலாங்கூர் மாநில வளர்ச்சிக் கழகம் அமைந்தது. பத்து தீகாவிலும், தோட்ட நிலத்தில் எழுந்த ஷா ஆலாமிலும் அது ஆலை மனைகளை உருவாக்கியது. 1971இன் தடையிலா வாணிப மண்டலச் சட்டத்துக்குப் பின் சுங்கைவேயில் மின்னணுக் கம்பெனிகள் வந்தன. தோட்டத்திலிருந்து வெளியேறிய நம் பெண்மக்கள் பலர் அவ்வாலைகளில் சீருடை அணிந்தனர். 1974இல் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமாயிற்று. 1978இல் ஷா ஆலாம் மாநிலத் தலைநகராயிற்று. 1985இல் அங்கிருந்து முதல் புரோட்டோன் சாகா கார் வெளிவந்தது. 1974இலேயே நில ஊகவாணிப வரி வந்து, பின்னர் அது நிலைச்சொத்து ஆதாய வரியாக மாறியதிலிருந்து அக்காலத்தில் நிலம் எவ்வளவு வேகமாகக் கைமாறியது என்பதை ஊகிக்கலாம்.

இவற்றினும் முக்கியமான மாற்றம் ஒன்று லண்டன் பங்குச் சந்தையில் நிகழ்ந்தது. 1981 செப்டம்பர் 7ஆம் நாள் காலையில், ஒரு சில மணி நேரத்துக்குள், மலேசியாவின் தேசிய முதலீட்டு நிறுவனம் கத்ரி கம்பெனியின் பங்குகளை வாங்கி அதன் ஆதிக்கத்தைப் பெற்றுவிட்டது. பழைய துரைமார்களின் தோட்டங்கள் தேசிய நிறுவனத்துக்கு வந்தன. 2007இல் சைம் டார்பி, கோல்டன் ஹோப், கத்ரி மூன்றும் ஒன்றாயின. 2017 நவம்பரில் அந்தப் பெருங்குழுமம் மீண்டும் பிரிந்து, தோட்டத்துக்கு ஒரு கம்பெனியும் நிலச்சொத்துக்கு ஒரு கம்பெனியும் தனித்தனியே பங்குச் சந்தையில் இடம் பெற்றன. ரப்பரும் செம்பனையும் விளைந்த நிலத்தை எப்போது எந்தக் கணக்கில் ஏற்றுவது என்பது இவ்வாறு ஒரே வீட்டுக்குள் தீர்மானிக்கும் காரியமாயிற்று. நூறாண்டுக்கு முன் ஏக்கருக்குச் சில வெள்ளி வரிக்குப் பெற்ற நிலம் சதுர அடிக் கணக்கில் விலை பேசப்படுகிறது.

கிள்ளானை அடுத்த புக்கிட் ராஜாவில் 2018இல் ஜப்பானிய மிட்சுயியும் மிட்சுபிஷி எஸ்டேட்டும் கூட்டுச் சேர்ந்து, வாடகையாளர் கேட்கும் அளவுக்குக் கிடங்கு கட்டித்தரும் திட்டத்தைத் தொடங்கின. எல்மினாவில் கூகுள் நிறுவனம் தன் முதல் மலேசியத் தரவு மையத்தை அமைக்கும் என்று 2024 மே மாதம் அறிவிக்கப்பட்டது. மலேசியாவில் அந்நிறுவனம் இட அறிவித்த முதலீடு 200 கோடி அமெரிக்க டாலர். தரவு மையத்துக்குச் சாலையைவிட மின்சாரமும் தண்ணீரும் கண்ணாடி இழைக் கம்பியும் முக்கியம். சரக்கு செல்லும் வழியே விலை என்ற பழைய விதி மாறவில்லை. சரக்குதான் கண்ணுக்குத் தெரியாததாகிவிட்டது.

பட்டா கையில் இருந்தாலே போதுமா என்ற கேள்விக்குப் பூலாவ் இண்டா தீவு விடை கூறும். முன்னாளில் பூலாவ் லுமுட் எனப்பட்ட அத்தீவில் 1990களில் மேற்குத் துறைமுகம் எழுந்தது. அங்கே உள்ளூரார் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் வசமிருந்த சுமார் 1,000 ஏக்கர் நிலத்தை ஒரு தனியார் கம்பெனி 9½ கோடி வெள்ளிக்கு வாங்கியது. 2002இல் போர்ட் கிள்ளான் துறைமுக வாரியம் தடையிலா மண்டலம் அமைக்க அதே நிலத்தைச் சதுர அடி 25 வெள்ளி வீதம் வாங்க ஒப்புக்கொண்டது. ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி; வாசகரே பெருக்கிப் பார்க்கலாம். 108 கோடி வெள்ளிக்கு மேல் வரும். சில ஆண்டுகளில் விலை பதினொரு மடங்கு ஆயிற்று. அந்த ஏற்றத்தில் தீவு மக்களின் சங்கத்துக்குப் பங்கில்லை. துறைமுக வாரியம் என்ன கட்டப்போகிறது என்பது முடிவாகும் முன்பே அவர்கள் கையெழுத்திட்டுவிட்டனர். மண்டலம் 2006இல் திறக்கப்பட்டபோது வாடகைக்கு வந்தோர் குறைவு. வட்டியெல்லாம் சேர்த்தால் செலவு 1,200 கோடி வெள்ளியையும் தாண்டக்கூடும் என்று 2009இல் வெளியான தணிக்கை அறிக்கை கூறியது. அதையொட்டி எழுந்த வழக்குகளைப் பற்றி இங்கே பேச இடமில்லை. நமக்கு வேண்டிய செய்தி ஒன்றே: தேவைக்கு முன்னால் நிலத்தை வாங்குவதும், தேவையை நம்பி அதிக விலை கொடுப்பதும் ஒன்றன்று. முன்னது உபாயம், பின்னது சூதாட்டம்.

பின்னர்த் தேவை வந்தது. 2023இல் போர்ட் கிள்ளான் 1 கோடியே 40 லட்சம் இருபதடிப் பெட்டிகளைக் கையாண்டது. அவ்வாண்டின் இறுதியில் மேற்குத் துறைமுகத்தின் உரிமைக் காலம் 2082 வரை நீட்டிக்கப்பட்டது. துறைமுகத்துக்கே இத்தனை நீண்ட காலம் உறுதியாகிவிட்டபடியால் கிள்ளானைச் சூழ்ந்த கிடங்கு நிலத்தின் விலை தாழாது என்று நம்புவோர் பலர். சிறு முதலுடையோர் நேரே நிலம் வாங்காமல், நிலச்சொத்து முதலீட்டு அறநிதிகளில் பங்கு வாங்கும் வழியும் இருக்கிறது. 2005 ஆகஸ்டில் கோலாலம்பூர்ப் பங்குச் சந்தையில் இடம்பெற்ற ஆக்சிஸ் நிதி, பெட்டாலிங் ஜெயாவையும் ஷா ஆலாமையும் சார்ந்த கட்டடங்களோடு தொடங்கி, ஆலைகளையும் கிடங்குகளையும் நிறைய வாங்கியது. இத்தகைய நிதி தன் வருமானத்தில் 90 விழுக்காட்டுக்குக் குறையாமல் பங்குதாரருக்குப் பகிர்ந்தால் நிதிக்கு வருமான வரி இல்லை. வாடகை இவர்களுக்குத் தவறாமல் வரும். ஆனால் பட்டாவில் சொல் மாறும் நாளின் பெரிய ஏற்றம் இவர்களுக்குக் கிடைப்பது அரிது. அந்த நாள் பெரும்பாலும் இவர்கள் வாங்குமுன்பே கழிந்திருக்கும். குறைந்த அச்சத்துக்குக் குறைந்த ஆதாயம் என்பது நியாயமான பேரமே. அதனைத் தெரிந்து செய்தால் குற்றமில்லை.

தெரிந்துகொள்ள வேண்டிய மற்றொன்று தண்ணீர். செங்கல்லுக்கு நல்ல களிமண் எங்கே உண்டோ அங்கே ஆறு ஒரு காலத்தில் பரவி ஓடியிருக்கிறது என்று பொருள். 1881இல் வந்த வெள்ளம் 1926இலும் 1971இலும் வந்தது. 2021 டிசம்பர் 18இல் ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடாவையும் கிள்ளானின் தாழ்பகுதிகளையும் மூழ்கடித்தது. வீடுகளோடு ஆலைகளும் கிடங்குகளும் நீரில் நின்றன. ரப்பர்த் தோட்டம் மழை நீரை உறிஞ்சியது. சிமெண்டுத் தளம் அதை அடுத்தவர் வாசலுக்கு அனுப்புகிறது.

பிரிக்பீல்ட்ஸ் இருப்புப்பாதை முற்றத்துக்கு வருவோம். 1990களில் 72 ஏக்கர் பரப்புள்ள அம்முற்றம் கோலாலம்பூர் சென்ட்ரல் திட்டத்துக்குக் கொடுக்கப்பட்டது. ஜப்பானியச் சிற்பி கிஷோ குரோகாவா வரைந்த நிலையம் 2001 ஏப்ரல் 16இல் இயங்கத் தொடங்கியது. சுற்றிலும் விடுதிகளும் வங்கிகளும் அலுவலகங்களும் எழுந்தன. சூளை நிலம் ரயில் நிலமாகி, ரயில் நிலம் வாணிப நிலமாயிற்று. நூறு வீடுகளின் வரிசை கடந்த பத்தாண்டின் நடுவில் இடிக்கப்பட்டது. அதில் பிறந்து வளர்ந்தோரின் பிள்ளைகள் பலர் வழக்கறிஞராகவும் மருத்துவராகவும் உயர்ந்தனர். அது உத்தியோகத்தால் வந்த செல்வம், நிலத்தால் வந்ததன்று. பழைய பிரிக்பீல்ட்ஸ் சாலை இன்று துன் சம்பந்தன் சாலை எனப்படுகிறது.

எஃபிங்ஹாம் தோட்டம் மறைந்துவிட்டது. பெட்டாலிங் ஜெயாவில் அப்பெயரைத் தாங்கி நிற்பது எஃபிங்ஹாம் தமிழ்ப்பள்ளி. எல்மினாவிலும் புக்கிட் ராஜாவிலும் இதே நிலைதான்; தோட்டத்தின் பெயர் தமிழ்ப்பள்ளியின் பலகையில் இருக்கிறது. மேற்குத் துறைமுகத்துக்குத் தெற்கே, நீர்க்காலுக்கு அப்பால், கேரித் தீவு பரந்து கிடக்கிறது. அதன் பெரும்பகுதி இன்னும் செம்பனை. பட்டாவில் இன்னும் விவசாயம். மா மெரி பூர்வகுடியினர் அங்கே வாழ்கின்றனர். தோட்டக் குடியிருப்புகளும் தமிழ்ப்பள்ளிகளும் இருக்கின்றன. 2017 முதல் அத்தீவில் ஒரு மூன்றாம் துறைமுகமும் அதைச் சார்ந்த தொழில் நகரும் அமைப்பது பற்றிப் பேச்சு எழுந்தும் அடங்கியும் வருகிறது.